மண்ணைக் கீறிய சொல்

ஜொகூர் மாநிலத்துப் பள்ளிகளில் மாணவர்களை இரண்டு அணிகளாக எதிரெதிரே அமர்த்தி நடத்துகிற சொற்போட்டிக்கு மலாய் மொழியில் 'பஹஸ்' என்று பெயர். சட்டமன்றத்தில் ஒரு மசோதாவின்மீது உறுப்பினர் எழுந்து நிகழ்த்தும் வாதப் பிரதிவாதமும் அந்தப் பதத்தினின்று கிளைத்த 'பெர்பஹசான்' என்பதே. இச்சொல்லைக் காதால் மட்டும் கேட்டுப் பழகிய தமிழர், 'பாஷை' என்னும் வடசொல்லின் மலாய் வடிவமாகிய 'பஹாசா'வுக்கும் இதற்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. நானும் வெகுகாலம் அப்படியே எண்ணியிருந்தேன். ஜொகூர் பாருவில் ஒரு பள்ளி மண்டபத்து வாயிலில், ரோமன் எழுத்தில் ஒரு வரியும் அதன்கீழ் ஜாவி எழுத்தில் ஒரு வரியுமாகத் தீட்டிக் கட்டியிருந்த துணிப்பதாகை ஒன்றே அந்த எண்ணத்தை மாற்றியது. மொழியைக் குறிக்கும் 'பஹாசா'வை ஜாவியில் எழுதுகிறவர்கள் மென்மையான ஹகரத்தையும் 'சீன்' என்னும் எளிய சகரத்தையும் இடுவார்கள்; பதாகையிலிருந்த சொல்லிலோ, 'பா'வுக்குப் பின் தொண்டையின் அடியிலிருந்து எழும் கனத்த 'ஹா'வும், தலைமேல் மூன்று புள்ளி தாங்கிய 'ஸா'வும் நின்றன. மலாய் நாவில் இரண்டு சொற்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டபோதிலும், எழுத்து அவற்றின் குலத்தை மறவாமல் காத்து வைத்திருக்கிறது: ஒன்று சமஸ்கிருதம், மற்றொன்று அரபு. அந்த அரபுச் சொல்லின் மூல அர்த்தம் பேச்சும் அன்று, வாதமும் அன்று. மண்ணைக் கீறிக் கிளறுதல்.

அரபு மொழியின் இலக்கணத்தைச் சிறிதேனும் அறிந்தவர்க்கு, பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகளாலான ஒரு வேரிலிருந்து, உயிரொலிகள் மாறுவதாலும் முன்னும் பின்னும் சில எழுத்துகள் சேர்வதாலும் பிறக்கின்றன என்பது தெரிந்திருக்கும். நம் பழைய இலக்கண ஆசிரியர்கள் வினையின் மூலத்தைத் 'தாது' என்று வடநூல் வழக்குப்படி குறித்தார்கள். அதே சொல் பூமியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் கனிப்பொருளுக்கும் பெயர். இந்த ஒற்றுமையை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. 'பஹ்ஸ்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பழைய அகராதிகள் தரும் பொருள்களுள், பொன்னும் வெள்ளியும் தேடித் தோண்டப்படும் சுரங்கம் என்பதும் ஒன்று.

அவ்வகராதிகளுள் தலையாயதாகிய, இப்னு மன்ஸூர் 1290-ஆம் ஆண்டில் முடித்த 'லிஸானுல் அரப்' என்னும் பெருநூல் இவ்வேரை விரித்துரைக்கும்போது, அறிவுலகத்து ஆராய்ச்சியாளன் ஒருவனும் முதலில் நம் கண்முன் வருவதில்லை. மணலும் விலங்குகளும் சிறுவர்களுமே வருகிறார்கள். நடக்கும்போது முன்னங்கால்களால் புழுதியைப் பின்னே வாரியெறிந்து செல்லும் ஒட்டகத்துக்கு இவ்வேரிலிருந்து ஒரு பெயர் உண்டு. அவ்வாறு கிளறப்பட்ட புழுதிக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் புழுதியைக் கொண்டு பிள்ளைகள் ஆடும் ஓர் ஆட்டத்துக்கும் பெயர் உண்டு. தன் குளம்பினாலேயே தன் மரணத்தைத் தோண்டிக்கொண்ட ஆட்டைப் பற்றிய பழமொழி ஒன்றும் அரபியரிடையே வெகுகாலமாக வழங்கி வருகிறது: ஆட்டைப் பிடித்தவனிடம் அறுக்கக் கத்தி இல்லை, ஆடோ சும்மா நில்லாமல் காலால் மண்ணைக் கீற, அடியில் புதைந்திருந்த கத்தி வெளிப்பட்டது. தமக்குக் கேடானதைத் தாமே கிளறி எடுப்பவர்களுக்கு அந்த ஆடு உவமையாயிற்று.

இவை யாவற்றினும் ஆழமான இடத்தில் இவ்வினை நிற்பது குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில். ஆதமின் புதல்வர்களில் ஒருவன் தன் உடன்பிறந்தானைக் கொன்றுவிட்டு, உலகில் அதுவரை எவரும் கண்டிராத ஒரு காட்சியாகிய மனிதப் பிணத்தின் முன்னே, இதை என்ன செய்வது என்றறியாமல் திகைத்து நிற்கையில், இறைவன் ஒரு காக்கையை அனுப்புகிறான். அது தரையைக் கீறிக் காட்டுகிறது. சகோதரனின் உடலை மறைக்கும் வழியை அதைப் பார்த்தே அவன் கற்றுக்கொள்கிறான். அங்கே அந்தப் பறவையின் செயலைச் சொல்லும் வினை இந்த வேரினுடையதே. மனிதகுலத்தின் முதல் அடக்கத்தையும், ஒரு பறவையிடம் மனிதன் பெற்ற பாடத்தையும், தாங்கமாட்டாத பச்சாத்தாபத்தையும் ஒருங்கே சுமந்த இச்சொல், பிற்காலத்தில் பல்கலைக்கழகத்து ஆய்வேட்டுக்குப் பெயராக வந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உள்ளம் சிலிர்க்கிறது.

மண்ணில் தேடுவதிலிருந்து மனத்தில் தேடுவதற்கு இச்சொல் எவ்வாறு ஏறிற்று என்று காண்பது கடினமன்று. குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு மரபில் வழங்கும் பல பெயர்களுள் இவ்வேரினின்று வந்த ஒன்றும் உண்டு. கபடர்களின் நெஞ்சில் புதைந்திருப்பதை அது கிளறி வெளியிடுவதால் அப்பெயர் என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஷம்சுத்தீன் சமர்கந்தீ என்னும் பேரறிஞர் வாதம் புரிவோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகளைத் தொகுத்து ஒரு நூல் செய்தபின், 'ஆதாபுல் பஹ்ஸ்', அதாவது விசாரணையின் நெறிமுறை, என்பது மதரஸாக்களில் தனியொரு சாஸ்திரமாகவே நிலைபெற்றது. வாதிப்பவனுக்கும் மறுப்பவனுக்கும் அதில் வகுக்கப்பட்ட கடமைகள் உண்டு. கேட்கக்கூடிய கேள்வி எது, கேட்கக்கூடாதது எது என்ற வரையறை உண்டு. இருவருடைய நோக்கமும் வெற்றியாயிராமல் உண்மை வெளிப்படுவதாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பாரசீகத்தின் வழியாக இச்சொல் இந்தியாவுக்கு வந்து, வடநாட்டு நியாயஸ்தலங்களில் வக்கீலின் வாதத்துக்கு இன்றும் பெயராயிருக்கிறது. கப்பலேறி மலாய் நாட்டுக்கு வந்து பள்ளி மண்டபத்தில் அமர்ந்தது. எகிப்திலோ, அதே வேரினின்று பிறந்த ஒரு பன்மைச் சொல்லாகிய 'மபாஹிஸ்' இரகசியப் போலீசுக்குப் பெயராகி, கேட்டவர்களை நடுங்க வைத்தது. பிறர் நெஞ்சைக் கிளறுவதற்கு நெறிமுறை இல்லாதபோது சொல் எங்கே சென்று சேரும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

அரபியர் தோண்டுதலின் தன்மைக்கேற்ப வெவ்வேறு வேர்களை வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குழி பறிப்பதற்கு ஒரு வேர். விலங்கின் குளம்பும் அதிலிருந்தே பெயர் பெற்றது. புதைத்ததைத் திரும்பத் தோண்டி வெளியே எடுப்பதற்கு 'நப்ஷ்' என வேறொரு வேர். கல்லறைகளைத் தோண்டிக் கஃபன் துணியைக் களவாடுகிறவன் 'நப்பாஷ்'. அவனுக்கு மற்றக் கள்வர்க்குரிய தண்டனையே உரியதா என்று சட்ட வல்லுநர்கள் நூற்றாண்டுக்கணக்கில் விவாதித்திருக்கிறார்கள். ஒரே மண்ணை ஒருவன் அறிவுக்காகக் கீறுவதும் மற்றொருவன் ஆசைக்காகப் பெயர்ப்பதும் வேறு வேறு என்ற விவேகத்தை அம்மொழி தன் வேர்களிலேயே பிரித்து வைத்திருக்கிறது.

தமிழும் இத்துறையில் வறிய மொழியன்று. 'துருவித் துருவிக் கேட்டான்' என்கிறோம். பழங்கதையைக் 'கிளறாதே' என்கிறோம். குப்பையைக் கிளறும் கோழியிடமிருந்தும் தேங்காய் துருவும் கையிடமிருந்தும் வந்த பிரயோகங்கள் அவை. 'கல்லுதல்' என்றால் தோண்டுதல். கல்வியும் அதனின்றே பிறந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கூறுவர். அக்கூற்றை இலக்கணம் முற்றும் ஏற்குமோ ஏற்காதோ, மணலில் தோண்டுந்தோறும் நீர் சுரக்கும் கேணியைக் காட்டிக் கல்வியை விளக்கிய வள்ளுவருக்கு இந்தச் சம்பந்தம் புலப்படாமல் இருந்திருக்க முடியாது. தோண்டிய இடங்களின் தமிழ்ப்பெயர்களே மலாய்க்குக் கடல் கடந்து போயிருக்கின்றன என்பது இன்னும் சுவையானது. மலாய்க்காரர் நீர்நிலையைக் 'கோலம்' என்பது நம் குளம். பண்டசாலையை 'கூடாங்' என்பது, பள்ளத்துக்கும் அகழிக்கும் பெயராயிருந்து பின் சரக்கு வைக்கும் இடத்துக்குப் பெயரான நம் கிடங்கு. அதுவே தெலுங்கு வடிவத்தின் வழியாகவும் சென்றிருக்கலாம் என்பர்.

ஜொகூர் என்னும் பெயரும் பலர் கருதுவதுபோல் இரத்தினத்தைக் குறிக்கும் 'ஜவ்ஹர்' என்ற அரபுச் சொல்லே ஆகும். அரபியர் அதைப் பாரசீகரிடமிருந்து பெற்றார்கள். இரத்தினம் என்று பெயரிட்ட நாட்டில் மண்ணைக் கிளறிப் பார்க்கும் ஆசை மனிதருக்கு உண்டாகாமல் இருக்குமா? கோத்தா திங்கிக்குத் தெற்கே, ஜொகூர் ஆற்றின் கிழக்குக் கரையில், 'ஜொகூர் லாமா' என்னும் பழைய ஜொகூர் இருக்கிறது. 1511-இல் மலாக்கா போர்த்துக்கீசியர் வசமானபின் ஆற்றோரங்களில் அலைந்த அரசமரபு, சுல்தான் அலாவுதீன் ரியாயத் ஷா காலத்தில், 1540-ஐ ஒட்டி, அங்கே தலைநகர் அமைத்தது. 1587-இல் தோம் பாவ்லோ தெ லீமா பெரெய்ரா என்னும் தளபதியின் தலைமையில் வந்த போர்த்துக்கீசியப் படை அதை எரித்து அழித்தது. அதன்பின் அரசு பத்து சாவாருக்கும் வேறிடங்களுக்கும் பெயர்ந்துவிட, ஜொகூர் லாமாவின் மண்மதில்களின்மேல் காடு மூடிக்கொண்டது.

அந்தக் காட்டைக் கிளறியவர்களுள் முன்னோடி, ஜொகூர் அரசின் சுங்கத் துறையில் வேலை பார்த்த ஜெரால்ட் கார்ட்னர் என்னும் ஆங்கிலேயர். உத்தியோக நிமித்தம் ஆற்றில் ஏறியும் இறங்கியும் திரிந்த அவர், கரையில் மழை அரித்த இடங்களில் கிடைத்த பழங்கால மணிகளைச் சேகரித்து, அவற்றுள் சில ரோமாபுரிச் சாம்ராஜ்யத்தோடு கடல்வழித் தொடர்பைக் காட்டுகின்றன என்று 1937-இல் லண்டனிலுள்ள ராயல் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார். அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1945-இல், மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்து, ரோமானியப் பொருள்கள் தமிழ்க் கரையில் வந்திறங்கியதைத் திட்டமாக நிறுவினார். அங்கே கண்ணாடி மணிகளும் செய்யப்பட்டன. கார்ட்னர் கண்ட மணிகளின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டாயினும், ஜொகூர் ஆற்று மணிகளை நினைக்கும்போது அரிக்கமேட்டுச் சூளைகளின் புகை என் கண்முன் வராமல் இருப்பதில்லை. 1950-களின் தொடக்கத்தில் சீவ்கிங், பால் வீட்லி, கிப்சன்-ஹில் ஆகியோரும், 1960-இல் வில்ஹெல்ம் சோல்ஹைம், எர்னஸ்டீன் கிரீன் ஆகியோரும் ஜொகூர் லாமாவில் முறையாக அகழ்ந்தபோது கிடைத்தவற்றுள் முக்கியமானவை நாட்டு மட்பாண்டங்களும், பதினாறாம் நூற்றாண்டை ஒட்டிய சீனப் பீங்கான் துண்டுகளும்.

அங்கே நான் சென்ற நாளில் முதல்நாள் இரவு நல்ல மழை. மண்மதிலின் சரிவில் கம்பத்து வீட்டுக் கோழிகள் இரண்டு, இரண்டு காலாலும் மாறி மாறி ஈரமண்ணைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்ப்பதும் மறுபடியும் தள்ளுவதுமாக இருந்தன. அவை விலகியபின் குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் நகத்தளவு ஒரு பீங்கான் சில்லு. வெள்ளையில் நீலத்தால் தீட்டிய ஒரு கொடியின் வளைவு. உடைந்த ஓரம் மட்டும் சர்க்கரையைப் போல் பொரிந்திருந்தது. எந்தக் காலத்தது என்று சொல்ல நான் யார்? எடுத்த இடத்திலேயே வைத்து மண்ணை மூடினேன். லிஸானுல் அரபின் அந்தப் பக்கத்தை அன்றுதான் உண்மையில் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

இதே ஆற்றின் தலைப்பில் இன்னொரு நகரம் இருந்ததென்று 'செஜாரா மெலாயு' கூறுகிறது. ஜொகூர் அரசவையில் 1612-இல் துன் ஸ்ரீ லானாங்கின் கையால் திருத்தமுற்ற அந்த வரலாற்று நூலில், ராஜா சூரான் என்னும் பெயரோடு படையெடுத்து வருகிற வேந்தன் சோழனே என்பது சரித்திர ஆசிரியர் பலரின் கொள்கை. அவன் வென்ற கங்காயு என்னும் நகரத்தின் கோட்டை கருங்கல்லால் ஆனது என்றும், அது ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இன்னும் இருக்கிறது என்றும், அப்பெயர் சயாம் மொழியில் இரத்தினப் பண்டாரத்தைக் குறிக்கும் சொல்லின் திரிபு என்றும் நூல் சொல்கிறது. 1025-இல் இராஜேந்திரன் கடாரம் கொண்ட நினைவு ஆறு நூற்றாண்டுகள் மலாய் மக்களின் கதைகளில் உருண்டு இந்த வடிவம் பெற்றிருக்கக் கூடும். தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனம் அப்படையெடுப்பில் அடங்கிய ஊர்களை அடுக்கும்போது, மாயிருடிங்கம் என்பதை ஆழ்கடலையே அகழியாகக் கொண்ட நகரம் என்று வருணிக்கிறது. தோண்டாமலே அமைந்த அகழி!

2005-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோத்தா கெலாங்கி என்று பின்னாளில் அழைக்கப்பட்ட அந்த நகரம் ஜொகூர்க் காட்டுக்குள் இருப்பதற்கு அடையாளங்கள் தென்படுவதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தபோது, இந்நாட்டுத் தமிழரிடையே உண்டான கிளர்ச்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேநீர்க் கடைகளிலும் கோயில் மண்டபங்களிலும் அதே பேச்சு. சோழன் வந்த காடு இதுதான் என்றார்கள் சிலர்; மறைக்கிறார்கள் என்றார்கள் வேறு சிலர். அரசு அனுப்பிய ஆய்வுக் குழு அவ்வாண்டே காட்டுக்குள் சென்று தேடியும் நகரத்தின் சுவடு ஏதும் கிடைக்கவில்லை என்று 2006-இல் அறிவிக்கப்பட்டது. ஏமாற்றம் எனக்கும் உண்டு. ஆயினும், மண்ணைக் கீறிப் பார்த்து இல்லை என்று சொன்னவர்களே அந்தச் சொல்லுக்கு உரிய பஹஸ் நடத்தினார்கள் என்றும், தேநீர்க் கடைகளில் நாங்கள் நடத்தியது அந்தப் பெயருக்கு உரியதன்று என்றும் கருதுகிறேன். நம் பெருமை நமக்கு எவ்வளவு அருமையோ, அவ்வளவுக்கு அதன் அடியிலுள்ள மண் நமக்கு முக்கியமாயிருக்க வேண்டும்.

அரபும் தமிழும் மலாயும் ஒரே நாவில் கூடிய ஒரு குடும்பத்தை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்த ஓர் அரபியரின் கொள்ளுப்பேரர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த அவர், கணக்கும் வியாபாரமும் அக்காலத்தில் அங்கே தமிழில் நடந்ததால், தந்தையின் ஏற்பாட்டில் தமிழ் கற்றதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மலாக்காக் கோட்டையை ஆங்கிலேயர் இடித்த கதையையும் அவரே சொல்கிறார்: மதிலடியைத் தோண்ட வந்த கூலிகள் பேய்பிசாசுகளுக்கு அஞ்சிப் பின்வாங்க, கூலியை உயர்த்தியும் ஆள் வராமல், கடைசியில் மருந்து வைத்துத் தகர்த்தார்கள். அவர் மைந்தர் முகம்மது இப்ராஹிம் முன்ஷி ஜொகூர் அரசில் உயர்பதவி வகித்து, 1871-72-இல் மேற்கொண்ட பிரயாணங்களை நூலாக எழுதினார். அந்த ஜொகூரில்தான் 1888-இல் மலாய் மொழியைப் பேணுவதற்கென்று ஒரு கழகம் தோன்றி, புதிய அரசாங்கத்துக்கு வேண்டிய புதிய பதங்களை ஆய்ந்து தந்தது. காரியதரிசிக்கு 'செத்தியா உசாஹா' என்று இன்று மலேசியா முழுவதும் வழங்கும் பெயர் அவர்கள் தேடி எடுத்ததே. 'சத்தியம்' ஒன்று, 'உற்சாகம்' என்பதற்கு உறவானது மற்றொன்று. பழைய சமஸ்கிருதச் சுரங்கத்திலிருந்து இரண்டு தாதுக்களை வெட்டியெடுத்து உருக்கிச் சேர்த்த வேலை அது.

இத்தனைக்கும் நடுவே, ஜொகூர் மண்ணை உண்மையில் தோண்டிய தமிழர்கள் எந்தச் சஞ்சிகையிலும் பெயர் பெறவில்லை. 1909-இல் ஜொகூர் பாருவை எட்டிய இருப்புப் பாதைக்கு மேடு வெட்டிப் பள்ளம் நிரவியவர்களிலும், பால்மரத் தோட்டங்களில் கன்றுக்குழி எடுத்தவர்களிலும், காண் வெட்டியவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். மலாய்க்காரர் சங்குல் என்னும் மண்வெட்டியின் காம்பு அவர்கள் உள்ளங்கையை மரமாக்கியது. அவர்களில் இறந்தவர்களைத் தோட்டத்து ஓரத்திலேயே புதைத்தார்கள். தோட்டம் கைமாறிப் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வருகிற இக்காலத்தில், அந்தப் புதைகுழிகளை முறையாகத் தோண்டி எலும்பை எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்யும் காரியம் பல குடும்பங்களுக்கு வந்து நேர்கிறது. அதற்கு எந்த வேரைச் சொல்வது? களவாடுபவனின் வேர் அதற்குப் பொருந்தாது. உடன்பிறந்தானை எங்கே வைப்பது என்றறியாமல் நின்றவனுக்குக் காக்கை காட்டிய வேரே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் தாயார் குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். மாலையில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் திரும்புமுன், லயத்து வாசலில் பிள்ளைகள் ஆடிய கிச்சு கிச்சுத் தாம்பாளத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் அவரே. முழ நீளத்துக்கு மண்ணை வரப்புப்போல் அணைக்க வேண்டும். இரு விரல்களின் இடுக்கில் ஒரு துரும்பைப் பிடித்து, கையை மண்ணுக்குள் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போகவும் வரவும் ஓட்டி, எங்கேயோ ஓரிடத்தில் அதை நழுவவிட்டு, நழுவவிட்டது முகத்தில் தெரியாமல் கையை எடுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்தவள் இரு கைகளையும் கோத்து, வரப்பின்மேல் ஓரிடத்தில் அழுத்தி வைப்பாள். அதன்பின் அந்த இடத்து மண்ணை இருவரும் தலை தாழ்த்தி, விரல் நுனியால், மெல்ல மெல்லக் கிளறுவார்கள்.